தள்ளப்பட்டோர் தகுதியற்றோரா?

 

எழுத்துத் தேர்வில் தோற்றவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. எங்கே தவறினான் என்பதை அவனே அறிவான். கணக்கொன்று தப்பியிருக்கும், விடையொன்று நினைவிற்கு வாராதிருக்கும், நேரம் போதாதிருக்கும். அடுத்த முறை அதனைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. நேர்காணலில் தள்ளப்பட்டவனுக்கோ அவ்வாறுதலும் இல்லை.

பட்டம் பெற்ற இளைஞன் ஒருவன் ஒரு நிறுமத்திற்குப் பணி வேண்டி எழுதுகின்றான். எழுத்துத் தேர்வில் தேறுகின்றான். முதல் நேர்காணலுக்கு அழைப்பு வருகின்றது, செல்கின்றான். இரண்டாவதற்கும் அழைக்கின்றனர், கடன் வாங்கிய காசில் தொடர்வண்டி ஏறுகின்றான். மூன்றாவதற்கும் அழைக்கின்றனர். இம்முறை வீட்டில் எல்லார்க்கும் நம்பிக்கை பிறந்துவிடுகின்றது. தாய் அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடுகின்றாள். பத்து நாள் கழித்து, 'தாங்கள் தெரிந்தெடுக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் மடல் வருகின்றது. பல இடங்களில் அவ்வொற்றை வரியும் வருவதில்லை. எதற்காகத் தள்ளினர் என்பதை எவரும் சொல்வதில்லை.

சொல்லாதபொழுது மாந்தன் தானே ஒரு கரணியத்தைப் புனைந்துகொள்கின்றான். ஒரு முறை பார்த்துத் தள்ளியிருந்தால், 'சரியாகப் பார்க்கவில்லை' என்று விட்டுவிடுவான். மூன்று முறை பார்த்துத் தள்ளினரே, அப்படியானால் நன்றாக நிறுத்துப் பார்த்தன்றோ தள்ளியுள்ளனர் என்று எண்ணுகின்றான். உறவினரும் அதையே கூறுகின்றனர். 'இத்தனை தடவை கூப்பிட்டு வேண்டாவென்று விட்டார்கள் என்றால், பையனிடம் ஏதோ இருக்கின்றது' என்று திண்ணையில் பேச்சு நடக்கின்றது. அடுத்த நேர்காணலுக்கு அவன் போகும்பொழுது அத்திண்ணைப் பேச்சையும் உடன் சுமந்துகொண்டுதான் போகின்றான். நாக் குழறுகின்றது. அக்குழறலுக்காகவே அங்கும் தள்ளப்படுகின்றான். நல்ல அறிவும் உழைப்பும் உடைய எத்தனையோ பிள்ளைகள் இவ்வாறு முடங்கிப் போவதை ஊர்தோறும் காணலாம்.

ஆகலின், இங்கு ஆராய வேண்டியது தள்ளப்பட்டவனின் தகுதியை அன்று. அவனை நிறுத்த துலைக்கோலையே. அக்கோல் நேரானதா, கோணலானதா?

இவ்வாராய்ச்சி புதியதன்று. அமெரிக்க உளவியலறிஞர் வால்ட்டர் தில் இசுகாட்டு என்பவர் 1915ஆம் ஆண்டிலேயே இதனைச் செய்து பார்த்தார். விற்பனைப் பணி வேண்டி வந்த 36 பேரை, ஆளெடுப்பதிலேயே பழகிய 6 மேலாளர்கள் தனித்தனியே கண்டு வரிசைப்படுத்தினர். யார் முதல்வர், யார் கடைசி என்பதில் வேறுபாடு தோன்றினால் வியப்பில்லை. ஆனால், ஒருவர் மேற்பாதியைச் சேர்ந்தவரா, கீழ்ப்பாதியைச் சேர்ந்தவரா என்பதிற்கூட, 36 பேருள் 28 பேரைப் பற்றி அவ்வறுவரும் ஒத்துவரவில்லை. ஓர் அறையில் கொள்ளத்தக்கவன் அடுத்த அறையில் தள்ளத்தக்கவன் ஆனான்.

இருபது ஆண்டு கழித்து, 1935இல், இங்கிலாந்தில் பிலிப்பு ஆர்ட்டாகு என்பவரும் உரோட்சு என்பவரும் சேர்ந்து தேர்வுகளையே தேர்வுக்கு உள்ளாக்கி ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஆர்ட்டாகு இந்நாட்டுக்கு அயலானவர் அல்லர். தாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தவர். அவர்கள் அரசுப் பணி நேர்காணலைப் போன்றே ஒன்றை அமைத்தனர். 16 இளைஞர்கள், இரண்டு குழுக்கள், இரண்டிலும் தேர்ந்த பெரியோர்கள், மதிப்பெண் 300. ஒவ்வோர் இளைஞனையும் இரு குழுவும் தனித்தனியே கண்டன. முதற்குழு முதலிடம் தந்தவனை இரண்டாங்குழு பதின்மூன்றாம் இடத்தில் வைத்தது. இரண்டாங்குழு முதலிடம் தந்தவனை முதற்குழு பதினோராம் இடத்தில் வைத்தது. ஆள் அவனேதான், கற்ற கல்வியும் அதுவேதான். மாறியது மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த முகங்கள் மட்டுமே. இம்முறை அரசுப் பணிகளுக்கு ஆளெடுத்த காலத்தில், எத்தனை முதலாமவர்கள் பதின்மூன்றாமவராகி வீடு திரும்பினரோ!

இவை இரண்டும் நிறுப்பவர்க்குள் ஒற்றுமையில்லை என்பதைக் காட்டுவன. தள்ளப்பட்டவர் பின்னர் எவ்வாறு விளங்குவர் என்பதைக் காண வாய்ப்பதே அரிது. தள்ளியவனை யார் திரும்ப அழைத்து வேலை தந்து பார்க்கின்றனர்? ஒரு முறை அவ்வாய்ப்புத் தானாகவே நேர்ந்தது. 1979ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்தில், ஊசுட்டன் நகர மருத்துவப் பள்ளி ஏறத்தாழ 800 பேரை நேர்காணல் செய்து, வரிசைப்படுத்தி, மேலிருந்தவர்களுள் 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் அம்மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. அதற்குள் மேல்வரிசையினர் வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டனர். எஞ்சியிருந்தவர் வரிசையின் அடியில் கிடந்தவர்களே. வேறு வழியின்றி அவர்களுள் 50 பேரைச் சேர்த்தனர். யார் முன்பு எடுக்கப்பட்டவர், யார் பின்பு எடுக்கப்பட்டவர் என்று கற்பித்தவர்கள் வேறுபாடு பார்க்கவில்லை. படிப்பு முடிந்து, மருத்துவமனைப் பயிற்சியின் முதலாண்டும் முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்த்தனர். இருசாரார்க்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு ஒன்றும் இல்லை! நேர்காணல் 'வேண்டா' என்று ஒதுக்கிய கைகள், 'வேண்டும்' என்று எடுத்த கைகளுக்கு இணையாகவே நோயாளரைத் தொட்டு மருத்துவம் செய்தன. சட்டமன்றம் அக்கட்டளையை இடாதிருந்தால், அவ்வைம்பதின்மருள் பலர் 'மருத்துவத்திற்கு யான் தகுதியற்றவன்' என்று வாழ்நாள் முழுதும் எண்ணியிருப்பர் அல்லரோ?

கோல் ஏன் கோணுகின்றது என்பதும் மறைபொருள் அன்று. நேர்காண்பவன் உள்ளே வருபவனின் நடை, உடை, நிறம், குரல் ஆகியவற்றைக் கண்டு முதற் சில நொடிகளில் ஒரு முடிவு செய்துவிடுகின்றான். எஞ்சிய நேரமெல்லாம் அம்முடிவுக்குச் சான்று தேடுவதிலேயே கழிகின்றது. தன்னைப்போல் பேசுபவன், தான் படித்த இடத்தில் படித்தவன், தன் பழக்கவழக்கம் உடையவன் ஆகியோரை அவனையறியாமலே அவன் உள்ளம் விரும்புகின்றது. இவன் முன் வந்தவன் மிகச் சிறந்தவனாயின் இவன் மங்குகின்றான்; முன் வந்தவன் மூடனாயின் இவன் ஒளிர்கின்றான். காலையில் வந்தவனைக் காணும் கண் வேறு, மாலைக் களைப்பில் காணும் கண் வேறு. இவற்றுள் ஒன்றேனும் வேலைத்திறனைச் சேர்ந்ததா? திருக்குறளில் ஆளைத் தெரிந்தெடுப்பதற்கென்றே இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார் வள்ளுவர். அவற்றுள் முதலதாகிய தெரிந்து தெளிதலில், ஒருவனின் உயர்வு தாழ்வுகளை அளக்கும் உரைகல் அவன் செய்கையே என்பது அவர் கருத்து. பேச்சு அன்று, செய்கை!

மூன்று முறை நிறுத்தனரே என்னும் ஐயத்திற்கும் இதனுள்ளேயே விடை இருக்கின்றது. கோணிய கோலால் மூன்று முறை நிறுப்பது நிறையைச் செப்பமாக்காது. கோணலைத்தான் மும்முறை உறுதி செய்யும். அதனினும் முகாமையான செய்தி ஒன்றுண்டு. ஓரிடத்திற்கு ஐவர் இறுதி நேர்காணல் வரை வந்தனர் என்றால், அவ்வைவரும் அப்பணியைச் செய்ய வல்லவரே. வல்லவர் அல்லராயின் முன்னரே கழிக்கப்பட்டிருப்பர். இருப்பது ஓரிடம். நால்வரைத் திருப்பி அனுப்பித்தான் ஆகவேண்டும். ஆகவே, இறுதி நேர்காணலில் வரும் 'இல்லை' என்பது பெரும்பாலும் எண்ணிக்கையால் வருவதேயன்றி இழிவால் வருவதன்று.

இந்நிலையை நம் முன்னையோர் வேறு வகையில் தீர்த்ததும் உண்டு. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தக சோழன் காலத்தன. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. ஊர் வாரியங்களுக்கு ஆளெடுக்க, நிலம் இவ்வளவு, அகவை 35க்கு மேல் 70க்குள் என்று தகுதி முதற்கண் வரையறுக்கப்பட்டது. கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் உறவினரும் முறை சொல்லி விலக்கப்பட்டனர். தகுதியுடையோர் பெயர்களெல்லாம் ஓலையில் எழுதிக் குடத்திலிடப்பட்டன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் அவையறிய ஓலையை எடுத்தான். அவ்வவை பார்ப்பனர் ஊரவை. வேதக் கல்வியும் அங்கே தகுதியாக வைக்கப்பட்டது. உழுது விளைவித்த மக்களுக்கு அதில் இடமில்லை. அக்குறையை மூடி மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், தகுதியை முன்னரே வெளிப்பட வரையறுத்தபின், ஒத்த தகுதியுடையார்க்குள் 'இவனே உயர்ந்தவன்' என்று நிறுத்ததுபோல் நடிக்காமல், குடத்திற்கு விட்டுவிட்டதில் ஒரு நேர்மை இருந்தது. குடத்தால் தள்ளப்பட்டவன் தலைகுனிந்து வீடு திரும்பியிருக்க மாட்டான்.

இனி, இந்நாட்டு முறைமன்றங்கள் இதுபற்றிக் கூறியவற்றைக் காண வேண்டும். சிரீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரியில் 1979-80ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு 50 மதிப்பெண்ணும் வைத்திருந்தனர். ஒவ்வொருவரையும் கண்டது இரண்டு மூன்று நிமையமே என்றும், கேட்கப்பட்டவை பெற்றோர் யார், ஊர் எது என்பன போன்றவையே என்றும் தள்ளப்பட்ட மாணவர்கள் வழக்கிட்டனர். நடுவர் பகவதி முதலானோர் இருந்த உச்ச முறைமன்ற ஆயம், மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்கு ஒதுக்கியது முறையற்றது என்றும், அத்தகைய சேர்க்கையில் 15 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்றும் தீர்ப்பளித்தது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்து வைத்தல் நன்று என்றும் கூறியது. அச்சய் ஆசியா வழக்கு என்று சட்டநூல்களில் விளங்குவது இதுவே. அறையின் கதவு முதன்முதலாகச் சற்றே திறந்தது எனலாம்.

அது கல்லூரிச் சேர்க்கை. வேலைக்கும் அதுவே பொருந்துமா என்னும் வினா 1981இல் இலீலா தர் வழக்கில் எழுந்தது. இராசத்தான் முறைமன்றப் பணிக்கு நேர்காணல் மதிப்பெண் நான்கில் ஒரு பங்காக இருந்தது. நடுவர் சின்னப்ப ரெட்டி அதனை ஒப்புக்கொண்டார். முதிர்ந்த அகவையினரைப் பணிக்கு எடுக்கும்பொழுது எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, ஆளை நேரிற் காண்பதற்கும் இடம் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பணிவும் பொறுமையும் பேச்சுத் தெளிவும் வேண்டிய பணிகள் உள்ளன.

ஆனால், அக்கதவு வழியே எவ்வளவு நுழையக்கூடும் என்பதை அரியானா மாநிலம் காட்டியது. அங்குக் குடிமைப் பணிக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 61. நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர் 1300க்கும் மேற்பட்டவர்! நேர்காணல் ஏறத்தாழ அரையாண்டு நடந்தது. 900 மதிப்பெண்ணில் 200 நேர்காணலுக்கு. அரையாண்டு முழுதும் நாள்தோறும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த குழுவுக்கு, முதல் திங்களில் வந்தவனும் ஆறாம் திங்களில் வந்தவனும் ஒரே கோலில் நிறுக்கப்பட்டனர் என்று யார் உறுதி கூறவல்லார்? 1985இல் அசோக்கு குமார் யாதவு வழக்கில் உச்ச முறைமன்றம், பொதுப் பிரிவினர்க்கு நேர்காணல் 12.2 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்றும், இடங்களைப்போல் இருமடங்கு, மிகையாயின் மும்மடங்கு பேரையே அழைத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. தேர்வாணைய உறுப்பினர் ஒருவரின் உறவினர் நேர்காணலுக்கு வந்தால், அவ்வுறுப்பினர் அப்பொழுது விலகியிருத்தல் வேண்டும் என்றும் கூறியது. அந்த 12.2 என்பது, அக்காலத்தில் நடுவணரசுப் பணித் தேர்வாணையம் 2050இல் 250 மதிப்பெண்ணை நேர்காணலுக்கு வைத்திருந்த கணக்கு. இன்று அவ்வாணையத்தில் 2025இல் 275 என்று சற்றே கூடியுள்ளது.

நடுவணரசு 2016 சனவரி முதல் நாளிலிருந்து, தன் கீழ்நிலைப் பணியிடங்களுக்கு நேர்காணலையே நீக்கிவிட்டது. அவ்விடங்களுக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் திறனுமே போதும் என்று முடிவாயிற்று. அப்படியாயின் அதற்கு முன்னர் அந்நேர்காணல்களிலே தள்ளப்பட்டு ஊர் திரும்பியவர்கள் எதற்காகத் தள்ளப்பட்டனர்?

நேர்காணலைச் செம்மையாகவும் நடத்தலாம். வேலைக்கு எவை வேண்டும் என்பதை முன்னரே எழுதி வைத்து, எல்லாரிடமும் அவ்வினாக்களையே கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் அப்பொழுதே தனித்தனியாக மதிப்பெண் இட்டு, இறுதியிற் கூட்டினால், கோல் பெரிதும் நேராகின்றது என்பது இத்துறை ஆய்வாளர் பலரும் ஒப்பிய முடிவு. இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஆயினும் பலர் செய்வதில்லை. 'ஆளைப் பார்த்தாலே எடை போட்டுவிடுவேன்' என்னும் இறுமாப்பை விட மனம் வருவதில்லை.

தமிழ் இளைஞனுக்கு இவற்றோடு இன்னொரு நிறைகல்லும் சேர்கின்றது, அது மொழி. கணக்கிலோ பொறியிலோ வல்லவனாகிய ஒருவனை ஆங்கிலத்தில் வினவுகின்றனர். அவன் விடையை முதலில் தமிழில் எண்ணி, பின் ஆங்கிலத்தில் சொற்கோத்து, பின் வாய் திறக்கின்றான். அந்த இரண்டு நொடித் தயக்கத்தை 'அறியாமை' என்று குறித்துக்கொள்கின்றனர். ஆங்கிலப் பள்ளியில் பயின்றவன் ஒன்றும் அறியாவிடினும் தயங்காமற் பேசுகின்றான். அதனைத் 'தன்னம்பிக்கை' என்று குறித்துக்கொள்கின்றனர். ஆங்கிலத்தில் பேசுவதே வேலையாயின் அவ்வாறு அளப்பதில் குற்றமில்லை. பாலம் கட்டுவதும் பயிர் நோய் தீர்ப்பதும் கணக்கெழுதுவதும் வேலையாயின், அளக்கப்படுவது எது?

கோத்தாரிக் குழுவின் பரிந்துரையை ஏற்று, 1979ஆம் ஆண்டு முதல் நடுவணரசுக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்றாயிற்று. தமிழில் எழுதியவர் நேர்காணலையும் தமிழிற் கேட்டுப் பெறலாம். இவ்வுரிமையை அறியாதார் பலர். அறிந்தும் அஞ்சுவார் அவரினும் பலர். குழுவிலுள்ளோர்க்குத் தமிழ் தெரியாவிடில் மொழிபெயர்ப்பாளர் வழியே விடை செல்லும். செல்லும் வழியில் அதன் சூடு சற்று ஆறிவிடும் என்பதும் உண்மைதான். ஆனாலும், தன் மொழியில் தெளிவாகச் சொல்லி மொழிபெயர்க்கப்படுவது மேலா, பிறமொழியில் குழறித் தன்னைத் தானே குறைத்துக்காட்டுவது மேலா என்பதை ஒவ்வொருவரும் தம் பயிற்சியை வைத்து முன்னரே முடிவு செய்துகொள்ளல் வேண்டும். இதனை வாசலில் நின்றுகொண்டு எண்ணுதல் கூடாது.

தள்ளப்பட்டபின் செய்யத்தக்கதும் உண்டு. தனியார் நிறுமங்கள் கரணியம் கூற வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கில்லை. எனினும், 'எத்திறத்தில் குறை கண்டீர்கள்?' என்று பணிவாக ஒரு மடல் எழுதிக் கேட்பதில் இழிவொன்றும் இல்லை. சிலர் விடை தருவர். அதில் பயன்படுவதைக் கொள்ளலாம். 'பொருத்தமில்லை' என்னும் வெற்றுச் சொல்லாயின் விட்டுவிடலாம். அரசுப் பணியாயின் கேட்பது உரிமையாகவே உள்ளது. கேரளப் பணித் தேர்வாணைய வழக்கில் 2016இல் உச்ச முறைமன்றம், விடைத்தாளையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் தேர்வெழுதியவர்க்குக் காட்டலாம் என்றும், மதிப்பிட்டவர் பெயரைமட்டும் வெளியிட வேண்டுவதில்லை என்றும் கூறியுள்ளது. அதற்கு வழி, 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். கட்டணம் பத்து உருபா. முப்பது நாளுக்குள் விடை தருதல் வேண்டும். தாராவிடில் மேன்முறையீடு செய்யலாம். எழுதுவோன் எதற்காகக் கேட்கின்றான் என்று கரணியம் சொல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு அவ்வேண்டுகையைத் தமிழிலேயே எழுதலாம் என்று அச்சட்டத்தின் ஆறாம் பிரிவே இடந்தருகின்றது.